தோப்புக்குப் பின்னால் ஒரு குழி

ஒரு சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டு ஃப்ராவ் க்ரூகர் நின்றிருந்தார். ஃப்ராவ் என்பது இங்கே ஜெர்மனியில் திருமதி என்பதற்கான சொல். எழுபதைத் தாண்டியவர். கையில், இரண்டு விரல்களால் நுனியைப் பிடித்தபடி, நான் முந்தின நாள் தூக்கிப்போட்ட பழைய பல் துலக்கும் பிரஷ். வேகமாக ஏதோ சொன்னார். நான் இந்த ஊருக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத சமயம் அது. என் ஜெர்மன் காய்கறி வாங்குவதற்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. தவறி விழுந்ததைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார் போலிருக்கிறது, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்து, "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? ஒருத்தரை வாசலோடு அனுப்புவது எங்கள் கொங்குப் பக்கத்தில் பழக்கமில்லை. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். அவர் குழம்பிப்போய் உட்கார்ந்து, காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, என் கையைப் பிடித்து முற்றத்துக் குப்பைத் தொட்டிகளிடம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே இருப்பதை அப்படியே காட்டும் மஞ்சள் பையைத் தொட்டு, வேண்டாமென்று விரலை ஆட்டினார். கறுப்புத் தொட்டியைத் தொட்டு, இதில்தான் என்று தலையசைத்தார். மஞ்சள் பை பொருள்களைச் சுற்றிவரும் உறைகளுக்கு மட்டும். பிரஷ் பிளாஸ்டிக்தான், ஆனால் உறை இல்லை. அவர் என்னைத் திட்ட வந்தவர் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திட்ட வந்த இடத்தில் காப்பி கொடுத்த பெண்ணை அவருக்கும் பிடித்துப்போயிற்று.

தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்து வீட்டில் பிரஷ் தேய்ந்தால் அப்பா அதை மோட்டார் அறைக்கு எடுத்துப் போவார். அழுக்குத் துடைக்க ஆகும். அதற்கப்புறம் அது எங்கே போனது என்று நான் கேட்டதே இல்லை. கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலும், கல்யாணமாகி சிங்காநல்லூரில் குடியிருந்த காலத்திலும் அப்படித்தான். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்போம், கிழித்த மூலை ஜன்னல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு ஒருநாள் காணாமல் போயிருக்கும். மாதாந்திரப் பஞ்சுகளைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் வெளியே வைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது. கண்ணில் படாமல் போவதைத்தான் சுத்தம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஃப்ராவ் க்ரூகரின் விரல் ஆட்டலுக்குப் பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. இந்தக் குளியலறையிலிருந்து மஞ்சள் பைக்கும் கறுப்புத் தொட்டிக்கும் ஒன்றுமே போகாமல் செய்கிறேனா இல்லையா பார் என்று. மூங்கில் பிரஷ் வாங்கினேன். ஷாம்பு கட்டியாக வந்தது; முதல் வாரம் தலைமுடி தேங்காய் நார்போல நின்றது. பஞ்சுக்குப் பதிலாகத் துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பட்டைகள். என் கணவர் செந்தில், இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், எதையும் அளந்து பார்க்கிற மனுசன், இரும்பில் செய்த சவரக்கத்திக்கு மாறி முகத்தில் இரண்டு வெட்டு வாங்கிக்கொண்டு, "ஒலகத்தக் காப்பாத்தறதுக்கு எம் மொகறைதான் கெடச்சுதா?" என்று கேட்டார். கடைசியில் அலமாரியில் சோப்புகளும் ஒரு கண்ணாடிச் சீசாவும் மட்டும் இருந்தன. அதைப் படமெடுத்துக் குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். அண்ணன் கட்டைவிரல் அனுப்பினான். அண்ணன் மனைவி கோகிலா, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், ஒரு வரி எழுதினார்: "பாக்க நல்லா இருக்குதுங்க. தண்ணி வராத காலத்துல நம்மூட்டு பாத்ரூமும் இப்படித்தான் வெறிச்சுனு இருந்துச்சு."

இதே காலத்தில்தான் எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, டயப்பர் மாற்றுவது. ஒரு வேளை வேலை முடிவதற்குள் சாம்பல் நிறப் பெரிய பைகள் நிறைந்துவிடும். இறுகக் கட்டி, நிலவறையில் இருக்கும் மூடிபோட்ட தொட்டியில் போட்டால், வண்டி வந்து எடுத்துப் போய்விடும். எங்கோ எரித்து அந்தச் சூட்டில் வீடுகளுக்கு வெந்நீர் அனுப்புகிறார்கள் என்று உடன் வேலை செய்யும் பெண் சொன்னாள். அந்தப் பைகளைக் கட்டிய கையோடு வீட்டுக்கு வந்து, மூங்கில் பிரஷ்ஷில் பல் துலக்கிக்கொண்டு, என் வீட்டில் பிளாஸ்டிக்கே இல்லை என்று நான் திருப்திப்பட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. ஒன்று வேலை, இன்னொன்று வாழ்க்கை.

அப்பா விழுந்த செய்தி வந்தபோது இங்கே பனி பெய்துகொண்டிருந்தது. தோப்பில் சொட்டுநீர்க் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சு குழறிவிட்டது. அம்மா ஏற்கெனவே இல்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணன் நடராஜும் நங்கையும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு விடுப்புக் கிடைக்கப் பனி உருகும் வரை ஆயிற்று.

நான் போய் இறங்கிய அன்று அப்பா இடது கையால் என் கன்னத்தைத் தடவி, "அம்மணி" என்றார். பெண்பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் கூப்பிடும் அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது. பயணக் களைப்போடு குளிக்கப் போனேன். குளியலறைக் கதவைத் திறந்ததும் என் கண் எதையெல்லாம் பார்த்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் தகப்பனைப் பார்க்க வந்தவள், ஜன்னல் விளிம்பில் தொங்கிய ஷாம்பு பாக்கெட் சரத்தைப் பார்த்தேன். பாதி தீர்ந்த நீலச் சீசாக்கள், ஈரத் துடைப்புத் தாள் பொட்டலங்கள், மூலையில் உத்தரம் வரை அடுக்கியிருந்த டயப்பர் கட்டுகள். மனசு தானாக எண்ணிக்கை போட ஆரம்பித்தது. வெளியே வந்து நங்கையிடம் முதல் கேள்வியாக, "இதையெல்லாம் எங்கீங்க போடறீங்க?" என்றேன்.

நங்கை தோசைக் கரண்டியால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "தோப்புக்குப் பின்னால குழி வெட்டியிருக்குதுங்க."

குப்பை வண்டி தார்ச்சாலை வரைதான் வரும். தோட்டத்து வீடு உள்ளே தள்ளி இருக்கிறது. வண்டி வரும் நேரம் நங்கை அப்பாவைத் துடைத்து உட்காரவைக்கும் நேரம். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தை ஒட்டி ஒரு குழி. மழைக்காலத்தில் மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் ஓடையை நாங்கள் பள்ளம் என்போம். நான் போய்ப் பார்த்தேன். பாதி எரிந்தும் எரியாமலும், வெள்ளையும் நீலமுமாக, ஊறிப் பருத்துக் கிடந்தன. எனக்குப் பழகிய வாடைதான். ஆனால் அங்கே நிலவறையில் அது யாரோ ஒருவருடையது.

அடுத்த நாள் காலை அண்ணன், தோட்டத்தில் வேலை செய்யும் செல்வியைக் கூப்பிட்டுக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கச் சொன்னான். செல்விக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளத்துக்கு அக்கரையில் அவர்கள் வளவு. பத்து இருபது வீடுகள் ஒன்றாக இருக்கும் இடம். செல்வி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார்.

"தேங்கா பொறுக்கறனுங்க, வாசக் கூட்டறனுங்க, பெரியவரத் தூக்கிப் புடிக்கோணும்னாலும் வந்து புடிக்கறனுங்க. இத மட்டும் நான் பத்த வெக்க மாட்டனுங்க."

"என்னத்துக்கு? போன வாட்டி நீதான வெச்ச?"

"வெச்சனுங்க. ரெண்டு நாளு பொகைஞ்சுது. காத்து எங்க பக்கந்தானுங்க அடிக்குது. எம் பேத்தி இருமி இருமி ஆசுபத்திரிக்குத் தூக்கீட்டு ஓடுனம். சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லாம உட்டுப்போட்டேன்."

அண்ணனின் முகம் சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தொடக் கூசியதையெல்லாம் செல்வியின் ஆட்கள் எடுத்துப் போய்த்தான் தலைமுறைகளாக இந்த வாசல் சுத்தமாக இருந்திருக்கிறது. அவன் கேட்டது புதிது இல்லை. செல்வி மறுத்ததுதான் புதிது. "அப்ப யாரு எடுப்பாங்களாமா?" என்று பொதுவாகக் கேட்டான். சமையலறையிலிருந்து நங்கையின் குரல் வந்தது: "அவங்க சொல்றதுல என்னங்க தப்பு?" அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குழி அப்படியே கிடந்தது.

அது பலா பழுக்கிற காலம். மலைக்காட்டிலிருந்து ஆனை இறங்கும் காலமும் அதுதான். தொண்டாமுத்தூர்க்காரர்களுக்கு இது செய்தியே இல்லை. வெடியால, விடிந்தும் விடியாமலும், எழுந்து எந்தத் தோப்பில் எத்தனை மரம் சாய்ந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் காப்பி குடிப்போம். ஒரு நாள் விடிந்ததும் பார்த்தால் எங்கள் வேலிக் கல் சாய்ந்திருந்தது. பலா மரத்தை ஆனை தொடக்கூட இல்லை. நேராகக் குழிக்குப் போயிருக்கிறது. குழியின் கரை இடிந்து, உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே இழுபட்டுப் பள்ளம் வரை சிதறியிருந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் கையில் தடியோடு வந்தார். சற்றுத் தள்ளி, வாழைக்கு நடுவே கிடந்த இலத்தியைத் தடியால் கிளறிக் காட்டினார். நார், பலாக்கொட்டை, இலைச் சக்கை. அதற்கு நடுவில் ஷாம்பு பாக்கெட்டின் வெள்ளிநிறத் துண்டு ஒன்று மினுங்கியது. பிறகு தடியின் நுனியில் நீளமாக ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. டயப்பரின் இடுப்புப் பட்டை.

"இது நேத்துத் தின்னது இல்லீங்க. உள்ள போயி வெளிய வர நாளாகுமுங்க," என்றார் அவர். "அப்படின்னா முன்னாலயே இங்க வந்து போயிருக்குது. உப்பு நாத்தத்துக்கு வருமுங்க. பலாவவே உட்டுப்போட்டு இதத் தேடி வந்திருக்குது பாருங்க. இந்தத் துண்டு வந்துருச்சு. வராதது வயித்துக்குள்ள நின்னுக்கும்."

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது அப்பாவின் இடுப்பில் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். காவலருக்கும் தெரிந்திருக்கும்; வீட்டுக்குள் பெரியவர் படுத்திருப்பதை வரும்போதே பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அன்றைக்கே நான் பீரோவைத் திறந்தேன். அப்பாவின் பழைய வேட்டிகள், நைந்து மெதுவானவை. கிழித்து, பல மடிப்பாக மடித்து, ஓரம் தைத்தேன். இனி டயப்பர் வேண்டாம், துணி கட்டுவோம், நான் துவைக்கிறேன் என்றேன். எனக்குத் தொழில் தெரியும் என்ற தைரியம். ஈரத் துணி உடம்பில் நின்றால் புண் வந்துவிடும்; அடிக்கடி கைவைத்துப் பார்க்க வேண்டும், உடனே மாற்ற வேண்டும். அதைச் செய்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அலசி, கொதிக்க வைத்து, தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டிக் காயப்போட்டேன். வெள்ளைத் துணிகள் வரிசையாக வெயிலில் ஆடுவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா மட்டும், நான் துணியை அவிழ்க்கும்போதெல்லாம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இல்லத்தில் எத்தனையோ பேர் அப்படித் திருப்பிக்கொள்வார்கள். பழகிவிடும் என்று நினைத்தேன்.

நங்கை சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். காரமடைக்காரர், பேச்சில் மரியாதை குறையாது, ஆனால் சுற்றி வளைக்கவும் மாட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அங்க ஜெர்மனில, உங்க ஆசிரமத்துல, பெரியவங்களுக்குத் துணிதான் கட்டறீங்களா?"

"இல்லீங்க. டயப்பர்தான்."

"செரி." ஒரு துணியை எடுத்து அவரும் மடித்தார். "நீங்க இருக்கற மட்டும் செஞ்சுபோடுவீங்க. அப்பறம் பிளேன் ஏறீருவீங்க. நான் மாமனப் பாப்பனா, மாட்டப் பாப்பனா, இதத் தொவைச்சுக்கிட்டே கெடப்பனா? எனக்கும் முதுகு இருக்குதுங்கொ."

"அந்த ஆனைய நெனச்சா தாங்கலீங்க நங்கை," என்றேன்.

"எனக்கு மட்டும் தாங்குதுங்களா?" என்றார். "ஆனாலும் தெனமும் அந்தக் குழிக்குப் போயி வாறது நானு. நீங்க ஒரு நாளு பாத்தீங்க."

மறுநாளும் நான் துணிதான் கட்டினேன். வீம்பு என்று சொல்ல மனமில்லை. வேறு வழி தெரியவில்லை என்பதுதான் உண்மை. குழியை மறுபடி நிறைப்பதற்கு என் கை வரவில்லை.

துணிகள் குறைவாக நனைய ஆரம்பித்தன. நல்லதுக்குத்தான், அப்பாவின் உடம்பு தேறுகிறது, கட்டுப்பாடு திரும்புகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அண்ணனிடம்கூடச் சொன்னேன். நங்கைதான் முதலில் சந்தேகப்பட்டார். "மாமன் தண்ணிய வாயில வெச்சா பல்லக் கடிச்சுக்கறாருங்க. மோரும் வேண்டாங்கறாரு." பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம், மெதுவாகக் கொடுங்கள் என்றேன். அன்று பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், அப்பாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொன்னார். அண்ணன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தபோது செல்வி வாசலில் நின்றிருந்தார். யாரும் கூப்பிடாமலே வந்து, அப்பாவின் கால் பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார்.

கோயமுத்தூர் மருத்துவமனையில் டாக்டரம்மா சின்னப் பெண். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சிறுநீர்ல கிருமி, ரத்தம் வரைக்கும் போயிருக்குது. உடம்புல தண்ணியே இல்லீங்க. தண்ணி குடுக்கறீங்களா இல்லியா?" என்று கேட்டார். துணியா, அதனால்தானா என்று நான் கேட்டேன். "துணி கட்டுனதுனால இல்லீங்க. தண்ணி போகாததுனால," என்றார். எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அப்பா பிழைப்பாரா என்று தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அங்கேயும் ஒரு மஞ்சள் பை இருந்தது. ஜெர்மனியில் உறைகள் போகும் நிறத்தில், இங்கே ரத்தமும் சீழும் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் போயின. அதைக் கட்டி எடுத்துப் போன பெண் என்னைக் கடந்தபோது நான் தானாகக் காலை ஒதுக்கி வழிவிட்டேன். தினமும் நான் செய்யும் வேலை. இல்லத்தில் எனக்கு யாரும் அப்படி வழிவிட்டதாக ஞாபகம் இல்லை. சிரித்துக்கொண்டே கதவைப் பிடித்துக்கொள்வார்கள்.

காய்ச்சல் இறங்கி அப்பா தெளிந்த அன்று, கரண்டியால் இளநீர் கொடுத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். "ஏனுங்கப்பா குடிக்க மாட்டீங்கறீங்க?" என்று கேட்டதும் கண் ஓரம் வழிந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, நசுங்கி நசுங்கி வந்தன.

"குடிச்சா... நனையுது. நனைஞ்சா... நீ தொவைக்கற. சீமைல இருந்து... வந்து... எம்புள்ள இதையா... தொவைக்கோணும்?"

நங்கை எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் கரண்டியைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். துணி குறைவாக நனைகிறது என்று சந்தோஷப்பட்டவள். தன் தோப்பில் எத்தனையோ கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிய மனுசன், எனக்கு வேலை வைக்கக்கூடாதென்று ஒரு வாய் தண்ணீரை வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை அவரைக் கேட்கவில்லை நாங்கள். குழியைப் பற்றிப் பேசினோம், ஆனையைப் பற்றிப் பேசினோம், யார் துவைப்பது, யார் எரிப்பது என்று பேசினோம். எல்லாவற்றையும் அடுத்த அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் தன்னால் முடிந்த குறைப்பைத் தானே செய்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் டயப்பர்தான். நங்கை சொன்னார், நான் மறுத்துப் பேசவில்லை. பகலில் நாற்காலியில் உட்காரும் கொஞ்ச நேரம் துணி. அதுவும் அப்பா சரி என்றால் மட்டும். நான் கிழித்த வேட்டித் துண்டுகளை ஈரத் துடைப்புத் தாளுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று நங்கையே எடுத்து அடுக்கினார். ஷாம்பு பாக்கெட் சரமும் போயிற்று. நான் கொண்டுபோயிருந்த ஷாம்புக் கட்டியை மோந்து பார்த்துவிட்டு, "துணி சோப்பாட்டம் இருக்குதுங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைக்குத் தேய்க்கப் பெரிய டப்பாவில் அரப்புத் தூள் வாங்கி வைத்தார். ஒரு குளியலறையில் இவ்வளவுதான் குறைந்தது.

குழியை நானும் அண்ணனும் அள்ளினோம். வேலைக்கு யாரையும் கூப்பிடவில்லை. கையுறை, முகத்தில் துண்டு. அண்ணன் இரண்டு முறை தள்ளிப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தான். சாக்குகளில் கட்டி, டிராக்டரில் ஏற்றி, சாலை வரை கொண்டுபோனோம். இனிமேல் வருவதை நாளிதழில் சுற்றி, மேலே சிவப்பு மையில் குறி போட்டுக் கொடுத்தால் தனியாக வாங்கிக்கொள்கிறோம் என்று குப்பை வண்டியில் வந்த பெண் சொன்னார். தினமும் காலையில் அண்ணன் அதை எடுத்துப் போவதாக ஏற்பாடு. முதல் நாள், தன் அப்பாவின் டயப்பர்ப் பொட்டலத்தை பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு அவன் செல்வியின் வளவைத் தாண்டிப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த செல்வி கையை நிறுத்தவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

பின்னாலேயே நானும் சாலை வரை நடந்து போனேன். "இது இங்கிருந்து எங்கீங்க போகும்?" என்று வண்டி ஓட்டுநரைக் கேட்டேன். அவர் கோயமுத்தூர்ப் பக்கம் கையைக் காட்டினார். "மேல எங்கியோ போகுதுங்க." அந்தக் கை காட்டிய திசையிலும் யாருடைய வளவோ இருக்கும், காற்று அந்தப் பக்கம் அடிக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை. எங்கள் தோப்பு சுத்தமாகிவிட்டது.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. புதிதாக இல்லத்தில் சேர்ந்திருக்கும் ஹெர் லிண்ட்னர், அதாவது திரு. லிண்ட்னர் என்ற பெரியவர் தச்சு வேலை செய்தவர். தண்ணீரைக் குடித்ததுபோல் காட்டி, பூந்தொட்டியில் ஊற்றிவிடுவார். அவருக்கு மறதி நோய் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், எங்களுக்கு இதில் சிரமம் இல்லை, நீங்கள் குடிக்கலாம் என்றேன். "ஷ்வெஸ்டர், நான் யாருக்கும் வேலை வைத்ததில்லை," என்றார். ஷ்வெஸ்டர் என்றால் இங்கே செவிலியையும் குறிக்கும், கூடப்பிறந்தவளையும் குறிக்கும். குவளையை அவர் உதட்டில் வைத்து, என்னை அறியாமல், "குடிங்கப்பா," என்றேன். என்ன மொழி என்று புரியாவிட்டாலும் குடித்தார்.

அவருடைய டயப்பர் போட்ட பையைக் கட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கியபோது கைப்பேசி அடித்தது. இங்கே மதியம், அங்கே விளக்கு வைக்கும் நேரம். அண்ணன் கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். பக்கத்துத் தோப்பில் மறுபடி ஆனை இறங்கியதாம், வாழையெல்லாம் போயிற்றாம், குழி இருந்த இடத்தையும் வந்து முகர்ந்துவிட்டுப் போயிருக்கிறதாம். நங்கை பின்னாலிருந்து, "இன்னிக்கு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாருங்க," என்று சத்தமாகச் சொன்னார். அப்பா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து, எனக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைச் சுவரையும் குழாய்களையும் பார்த்தார்.

"யாரூட்டுல... இருக்கற... அம்மணி?"

"நம்மூட்டுலதானுங்கப்பா," என்றேன். இடது கையில் இருந்த பையை அவர் கண்ணில் படாதவாறு முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். நிலவறை விளக்கு, ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானே அணைந்துவிடும். அணைந்தது. எரியவைக்க ஒரு கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். இரண்டும் நிறைந்திருந்தன. அப்பாவின் முகத்து வெளிச்சம் மட்டும் என் கையில் இருக்க, நான் அசையாமல் நின்று, அவர் அடுத்த சொல்லைக் கூட்டி எடுக்கும் வரை காத்துக்கொண்டிருந்தேன்.